கேள்வி – பதில்: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கூடுதல் கற்றல் உதவி

பள்ளியில் பின்தங்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் கிடைக்கும் கூடுதல் கற்பித்தலைப் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் எழுதியவை. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் தந்திருக்கிறேன்.

என் மகன் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். தமிழ்ப் பாடத்தை மடமடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் செய்தித்தாளில் ஒரு வரியைக்கூட எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. டியூஷன் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. பள்ளியிலேயே தனியாகச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்கலாமா? கேட்டால் ஆசிரியர் தவறாக எடுத்துக்கொள்வாரா?
— வாசகி, விருத்தாசலம்

தாராளமாகக் கேட்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிப்பது அவற்றுள் ஒன்று. பெற்றோரை அவ்வப்போது அழைத்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதும் அதே பிரிவில் உள்ள கடமைதான். எனவே நீங்கள் ஆசிரியரிடம் சலுகை கேட்கப் போகவில்லை. சட்டம் அவரிடம் ஒப்படைத்திருக்கும் வேலையைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்.

போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தை வாங்கி, உங்கள் மகன் பார்த்திராத ஒரு பத்தியைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஒப்பித்துப் பழகிய பிள்ளையின் விரல் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலும் இருக்கும். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிப்பான். ‘கொடி’யையும் ‘கோடி’யையும் ஒரே மாதிரி வாசிப்பான். உயிர்மெய் எழுத்துகளில் எவை அவனுக்குப் பிடிபடவில்லை, இரட்டை எழுத்து வரும் சொற்களில் எங்கே நிற்கிறான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், தெரு முனையில் உள்ள கல்லூரிப் பெண் ஒருத்தி கால்மணி நேரத்தில் இதைச் செய்து தருவாள். ‘படிப்பு ஏறவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால், ‘வீட்டில் படிக்க வையுங்கள்’ என்ற பொதுவான பதில்தான் திரும்ப வரும். ‘ஒகர ஓகார எழுத்துகளும் ஒற்று வரும் சொற்களும் வரவில்லை’ என்று சொல்லும் பெற்றோரிடம் ஆசிரியரும் குறிப்பாகப் பேசுவார்.

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளைகளை அவர்கள் அடைந்திருக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரித்துக் கற்பிப்பது அதன் முறை. உங்கள் மகன் எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறான், அடுத்த நிலைக்கு வர என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். ஒரு மாதத்தில் எந்த மாற்றமும் தென்படவில்லை என்றால் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் அணுகுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம்; அங்கே பேச உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இருந்தாலும், ஆசிரியரிடம் நேரில் பேசிப் பார்த்த பிறகே அதை நாட வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. நிலைக்கேற்ற பயிற்சி சில மாதங்கள் ஒழுங்காகக் கிடைத்தும் எழுத்துகள் அவனுக்குத் தொடர்ந்து குழம்பினால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைத் தனி வகையாக ஏற்றிருக்கிறது. வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைப் பார்க்க ஏற்பாடு செய்யும்படி தலைமையாசிரியரையே கேட்கலாம்.

எங்கள் ஊரில் மாலை நேர மையம் நடத்தும் தன்னார்வலர் நான். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பதினெட்டுப் பிள்ளைகள் ஒரே திண்ணையில் உட்காருகிறார்கள். ஆளுக்கொரு பாடம். வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பதற்கே நேரம் போய்விடுகிறது. எப்படிச் சமாளிப்பது?
— வாசகி, திண்டிவனம் அருகே

வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கும் வேலையை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்காக உங்களை அரசு அமர்த்தவில்லை. உங்கள் மையம் இயங்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று உங்கள் மாவட்டத்திலேயே, மரக்காணம் பகுதியின் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பள்ளி மூடியிருந்ததால் விட்டுப்போன அடிப்படையை மீட்பதே அப்போது சொல்லப்பட்ட நோக்கம். 200 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள், ஏறத்தாழ இருபது பேருக்கு ஒரு தன்னார்வலர் என்ற கணக்கில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையோடு அது நடந்தது. இன்று முன்புபோல் எல்லாக் குடியிருப்புகளிலும் மையம் இல்லை. ஆனால் நோக்கம் மாறவில்லை.

வகுப்பு வாரியாக உட்கார வைப்பதை விடுங்கள். முதல் வாரம் முழுவதும் பாடமே நடத்தாமல், பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, எழுத்துத் தெரியுமா, சொல் வாசிக்க வருமா, பத்தி வாசிக்க வருமா, ஓரிலக்கக் கூட்டல் வருமா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரியுமா என்று பாருங்கள். பதினெட்டுப் பேரும் மூன்று குழுக்களுக்குள் அடங்கிவிடுவார்கள். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனும் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியும் ஒரே குழுவில் உட்கார நேரும், அதில் தவறில்லை. ஒரு குழுவோடு நீங்கள் இருக்கும்போது மற்ற இரண்டும் சொல் அட்டை அடுக்குவது, இணை சேர்ந்து வாசிப்பது போன்ற, உங்கள் உதவியின்றிச் செய்யக்கூடிய வேலையில் இருக்கட்டும்.

கணக்கில் எங்கே இடறுகிறார்கள் என்பதைத் தவறான விடையே காட்டிக்கொடுக்கும். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவால் அப்படி வருவதில்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்டதும், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டுவிடுகிறார்கள். பிறகு நான்கில் ஒன்று போக மூன்று. அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். 42 என்பது நான்கு பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பதுதான் தெரியாது. இதே கணக்கைப் பலகையில் பத்து முறை போட்டுக் காட்டினாலும் அவன் பத்து முறையும் 35 என்றே எழுதுவான். விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாக நூலில் கட்டுங்கள். நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சிகளும் அவன் முன்னால் வைத்துப் பதினேழு குச்சிகளை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு உதிரியை வைத்துக்கொண்டு ஏழைத் தர முடியாமல் சற்றுத் திகைத்து, பிறகு அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். பிரித்ததும் பன்னிரண்டு உதிரிகள். ஏழு போக ஐந்து. மீதமிருக்கும் மூன்று கட்டுகளில் ஒன்று போக இரண்டு. குச்சியில் இருபத்தைந்து வந்த பிறகே நோட்டுக்குப் போக வேண்டும். இதற்கு இரண்டு மூன்று மாலைகள் ஆனால் ஆகட்டும். நான்காம் வகுப்பின் பெருக்கலும் வகுத்தலும் இதன்மேல்தான் நிற்கின்றன.

இத்தகைய திட்டங்களால் உண்மையில் பலன் உண்டா? ஆயிரம் ரூபாய்க்கு வேலை செய்யும் தன்னார்வலர்களால் என்ன செய்துவிட முடியும் என்று எங்கள் ஊரில் பேசுகிறார்கள்.
— வாசகர், நாமக்கல்

பலன் உண்டு, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரோமெரோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2021 டிசம்பரில் இருந்த பிள்ளைகள், அதே கிராமங்களில் 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இழப்பு மிகுதி. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வி மையங்களால் வந்தது என்று கணக்கிட்டார்கள். இழப்பு ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்தது. மீட்சியும் அவர்களிடமே வேகமாக இருந்தது. என் பார்வையில் இந்த ஆய்வின் முக்கியமான முடிவு இதுதான்.

அதற்கும் முன்பே, 2000களின் தொடக்கத்தில், மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய பால்சகி திட்டத்தில், அந்தந்தப் பகுதியில் படித்த இளம்பெண்கள் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே இரண்டு மணி நேரம் தனியே அழைத்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் இருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள். அந்த ஆய்வைச் செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள். தன்னார்வலருக்குப் பெரிய பட்டம் தேவையில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனால், அதைச் சாக்காக வைத்து அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆயிரம் ரூபாயையே கொடுத்துக்கொண்டிருப்பது சரியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பள்ளியில் என் மகளை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்து, தனியாக உட்கார வைக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுகிறாள். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா?
— வாசகி, அறந்தாங்கி

பெயரை எடுத்துவிட்டால் கேலி நிற்கும், கற்பித்தலும் நின்றுவிடும். அதனால் வேறொன்றைக் கேளுங்கள். கூடுதல் பயிற்சிக்கான குழு ஒரு குறிப்பிட்ட திறனுக்காக, குறிப்பிட்ட காலத்துக்காக அமைய வேண்டியது. வாசிப்பில் பின்தங்கிய பெண் கணக்கில் முன்னே இருக்கலாம். அப்படியிருக்க, எல்லாப் பாடத்துக்கும் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்புவது முறையல்ல. அடுத்த மதிப்பீடு எப்போது, அதில் தேறினால் எந்தக் குழுவுக்கு மாறுவாள் என்று ஆசிரியரிடம் தேதியோடு கேட்டு வாங்குங்கள். வகுப்பு முழுவதையும் ஒரே மணியில் குழுக்களாகப் பிரித்தால், தனியே எழுந்து போகிறவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். பட்டியலை உரக்க வாசிப்பது, சுவரில் ஒட்டுவது ஆகிய வழக்கங்களை எந்தப் பள்ளியும் இன்றே கைவிட வேண்டும்.

எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் வீட்டுக்கு டியூஷனுக்கு வந்தால்தான் மதிப்பெண் வரும் என்கிறார். இது சரியா?
— பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகர்

சரியல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் கொடுங்கள். வகுப்பில் கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பது அவர் கடமை என்பதை மேலே முதல் பதிலில் பார்த்தோம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை. ஒரு பக்கம் பாடத்திட்டத்தை முடிக்கச் சொல்கிறார்கள். மறுபக்கம் அடிப்படையைக் கற்பிக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒருவரே எப்படிச் செய்வது?
— ஆசிரியர், தருமபுரி

உங்கள் சங்கடம் உண்மையானது. நான் மேற்கோள் காட்டிய 24ஆம் பிரிவே, பாடத்திட்டம் முழுவதையும் குறித்த காலத்துக்குள் முடிப்பதையும் ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது. ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தை வாசிக்க முடியாத பிள்ளைக்கு அந்தப் பாடத்தை முடித்தோம் என்று பதிவேட்டில் எழுதுவதில் பிள்ளைக்கு எந்த நன்மையும் இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு விடை தேடியவர்கள் அனுபவத்தில் கண்டது ஒன்று உண்டு. ஆசிரியருக்குப் பயிற்சியும் புத்தகங்களும் கொடுத்து, வழக்கமான பாடத்துக்கு நடுவே எப்போதாவது அடிப்படையைக் கற்பியுங்கள் என்று விட்ட இடங்களில் பெரிய மாற்றம் வரவில்லை. ஹரியானாவில் 2012–13இல் அரசுப் பள்ளிகளில் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, அந்த ஒரு மணியில் வகுப்பு பாராமல் நிலை பார்த்துப் பிள்ளைகளை உட்கார வைத்தபோது, அதே அரசு ஆசிரியர்களைக் கொண்டே மொழிப் பாடத்தில் முன்னேற்றம் வந்தது. முந்தைய முயற்சி ஆசிரியருக்குத் திறமை இல்லாததால் தோற்கவில்லை. கால அட்டவணையில் இடமில்லாததால் தோற்றது.

தமிழ்நாட்டில் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு 2025–26ஆம் கல்வியாண்டில் வந்த திறன் திட்டம், தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றின் அடிப்படைத் திறன்களை இந்த வழியிலேயே மீட்க முயல்கிறது. உங்கள் பள்ளியில் அது எந்த வேளையில் நடக்கிறது என்று பாருங்கள். விளையாட்டு வேளையையும் ஓவிய வேளையையும் எடுத்துக்கொண்டு நடத்தினால் பிள்ளைகள் அதைத் தண்டனையாகவே கருதுவார்கள். மொழி, கணித வேளைகளின் ஒரு பகுதியையே இதற்கு ஒதுக்க வேண்டும். தலைமையாசிரியர் சம்மதித்தால் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கும் ஒரே வேளையை ஒதுக்கி, ஆசிரியர்கள் ஆளுக்கொரு குழுவை எடுத்துக்கொள்ளலாம்.

அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். ஆசிரியரின் நேரத்தை விழுங்கும் செயலிப் பதிவுகளும் புள்ளிவிவரப் படிவங்களும் குறையாதவரை, எத்தனை திட்டம் வந்தாலும் அவை பிள்ளையின் பக்கத்தில் வந்து சேரா. பணமும் தடையின்றி வர வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. தேசியக் கல்விக் கொள்கையின்படி பள்ளிகளை நடத்தும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை அடுத்து 2024–25க்கான 2,152 கோடி ரூபாய் வராமல் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கொள்கையில் இரு அரசுகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். அதற்காகப் பின்தங்கிய பிள்ளையின் பங்கை நிறுத்தி வைப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

அரசு இத்தனை கோடி செலவிடுவதற்குப் பதில், அந்தப் பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்து, விரும்பிய டியூஷன் மையத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாமே?
— வாசகர், கோயம்புத்தூர்

அமெரிக்காவில் ஏறத்தாழ இதைச் செய்து பார்த்தார்கள். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு தனி நிதி தரும் வழக்கம் அங்கே 1965இல் தொடங்கியது. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, அந்த நிதியைப் பெற்றும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இலக்கை எட்டாத பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பயிற்சி நிறுவனத்தில் அரசுச் செலவில் இலவசத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்றது. தகுதி பெற்றவர்களில் சிறுபகுதியினரே அதைப் பயன்படுத்தினார்கள். பல பெற்றோருக்குச் செய்தியே எட்டவில்லை. நிறுவனங்களின் தரத்தைச் சோதிக்க மாநிலங்களிடம் ஆளில்லை. பயிற்சியாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இடையே பேச்சே நடக்கவில்லை. மதிப்பெண்ணில் கண்ட மாற்றம் பெரும்பாலான ஆய்வுகளில் மிகச் சிறிதாகவே இருந்தது. 2015இல் வந்த புதிய சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது.

இங்கிலாந்து 2011 முதல் வேறு வழியில் போகிறது. இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிக்கே கூடுதல் நிதி போகிறது. அதை எப்படிச் செலவிட்டோம் என்று பள்ளி ஊரறிய வெளியிட வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு கொண்டுவந்த தேசியத் தனிப்பயிற்சித் திட்டத்தைக்கூட, முதலில் வெளியமைப்புகள் மூலம் நடத்திவிட்டு, 2022இல் பணத்தை நேராகப் பள்ளிகளுக்கே மாற்றினார்கள்.

நம் ஊரிலும் கையில் பணம் கொடுத்தால், ஏற்கெனவே விவரம் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகளே முதலில் பயன்பெறுவார்கள். செங்கல் சூளையில் இருக்கும் தாய் எந்த டியூஷன் மையத்தைத் தேர்ந்தெடுப்பார்? பணம் பள்ளிக்கே போகட்டும். ஆனால், உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஐயம் நியாயமானது. செலவுக் கணக்கை ஊரறிய வெளியிடும் இங்கிலாந்து வழக்கத்தை நாமும் எடுத்துக்கொண்டு, அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கலாம்.

எட்டாம் வகுப்பில் என் மகள் நன்றாகப் படிக்கிறாள். பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும்தானா உதவி?
— வாசகர், பரமக்குடி

இல்லை. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதலாம். அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள். மனத்திறன் தாளில் வரும் எண்தொடர், உருவத்தொடர் வினாக்கள் பாடப்புத்தகத்தில் இல்லாதவை என்பதால் ஜூன் மாதமே பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகவே போகும். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

நாங்கள் ஆண்டுக்கு ஆறு மாதம் செங்கல் சூளைக்குப் போகிறோம். திரும்பி வந்தால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தயங்குகிறார்கள். ஒன்பது வயதாகிறது, எழுத்தே தெரியாது. இரண்டாம் வகுப்பில் போடட்டுமா?
— வாசகர், செஞ்சி (பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிய கடிதம்)

வயதுக்குரிய வகுப்பிலேயே சேருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆறு வயதுக்கு மேல் பள்ளிக்கு வராத அல்லது இடையில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றப் பிள்ளைகளுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. அந்தப் பயிற்சி பிள்ளையின் உரிமை. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதையும் வயதுச் சான்று இல்லாததையும் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள்; 14417க்கும் பேசுங்கள்.

அடுத்த முறை சூளைக்குப் புறப்படும்போது, பிள்ளையின் கல்வித் தகவல் மேலாண்மை (எமிஸ்) எண்ணையும், எதுவரை வாசிக்க வருகிறது, எந்தக் கணக்கு வருகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி வகுப்பாசிரியரைக் கேளுங்கள். அந்தத் தாளைப் போகும் ஊரில் உள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்தால், அவர்கள் பிள்ளையை மீண்டும் முதல் எழுத்திலிருந்து தொடங்க வைக்க வேண்டியிருக்காது.